முன்பக்க மிச்சம்

முக்கூடல் பஜாரில் எனக்கு ஜெராக்ஸ் கடை.
பிரம்மசக்தியின் வழக்குக்கு வரவு செலவு
நான்தான் எழுதுகிறேன், எண்பது பக்க நோட்டில்,
நடுவே கோடு கிழித்து.

ரேஷன் கடை மிஷினுக்கு
ஏழு மாதமாக அவள் பெருவிரலைத் தெரியாது.
துடைத்து வைத்தாள். நனைத்து வைத்தாள்.
தலையில் தேய்த்து எண்ணெய் தொட்டு வைத்தாள்.
சிவப்பு விளக்குதான்.
இருபத்தாறு வருஷம் இலை சுருட்டிய விரல்.
கத்தரியும் நூலும் தின்றது போக
மிஞ்சியது வெறும் தோல்.

"ரேகை எங்கிட்ட இல்ல அண்ணாச்சி.
அன்னைக்கு கேம்ப்ல எடுத்தாவள்லா, அவுககிட்டதான் இருக்கு.
எனக்குள்ளத எடுத்து வச்சிக்கிட்டு
என்னையவே யாருன்னு கேட்டா எப்பிடி?"

இதைத்தான் வக்கீல் ஞானசெல்வி
இங்கிலீஷில் பதினெட்டுப் பக்கம் ஆக்கினார்.
பக்கம் ரெண்டு ரூபாய், ஆறு செட்டு.
காசு வாங்கவில்லை. ஆனாலும் எழுதினேன்:
செலவு இருநூற்றுப் பதினாறு,
வரவும் அதே.

சென்னையில் ஒரு அறக்கட்டளை,
இந்த மாதிரி வழக்குக்கென்றே பணம் வைத்திருக்கிறார்களாம்.
கோர்ட் கட்டணம் வந்தது. சீனியர் வக்கீல் பீஸ் வந்தது.
கூடவே ஒரு படிவம்,
அதில் 'எதிர்பார்க்கும் தாக்கம்' என்றொரு கட்டம்.
அரிசி என்று எழுதி, அடித்தேன்.
இனி யாருடைய விரலையும் என்று தொடங்கி
முடிக்கத் தெரியாமல் விட்டேன்.
வாய்தாவுக்குப் போகிற நாளில்
சுருட்டாமல் போகும் எழுநூறு பீடிக்கு
அதில் கட்டமே இல்லை.

இதை யார் போய்ச் சொன்னார்களோ.
மறுநாள் கம்பெனியில் பீடி கொடுக்கப் போன பெண்கள்
ஆளுக்கொரு கட்டு, இருபத்தைந்து,
அவள் சுளவில் வைத்துவிட்டு நடந்தார்கள்.
மைதீன் பாத்து ரெண்டு வைத்தாள், பிறகு
ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்:
"இந்த வாரம் இலை ரொம்ப மட்டம்."
அதையும் எழுதினேன்.

ஆனி மாதம் ஜீப் வந்தது.
உனக்கு மட்டும் விரல் வேண்டாம்,
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள் என்றார் அதிகாரி.
இருபது கிலோவும் ஜீப்பிலேயே இருந்தது.

ஞானசெல்வி போனில் நெடுநேரம் பேசவில்லை.
"வாங்கிட்டா, குறை தீர்ந்துபோச்சு, வழக்கு எதுக்குன்னு கேப்பாங்க.
வாங்காதீங்கன்னு நான் சொல்ல முடியாதுக்கா.
பசி உங்க வீட்டுல."

வாங்கினாள்.
பொழுது சாய்வதற்குள் தெருத்தெருவாய் நடந்து
பதினோரு பேரைக் கடைக்குக் கூட்டி வந்தாள்.
"எனக்கொருத்திக்குத் தந்தா முடிஞ்சிருமோ?
இவளுவளையும் சேத்து எழுதச் சொல்லுங்க.
ஒவ்வொருத்திக்கா ஜீப்பு அனுப்பட்டும்."

வக்காலத்தை நீட்டி, பேனாவும் கொடுத்தேன்.
எல்லாருக்கும் கையெழுத்துத் தெரியும்.
பேனாவை ஓரமாக வைத்துவிட்டு அவள் கேட்டது மைப்பெட்டி.
"பேரு போட்டா ஜட்ஜய்யாவுக்கு என்ன தெரியும்?
இத பாக்கட்டும்."

பன்னிரண்டு கருநீலக் கறை.
நாவல்பழம் விழுந்து நசுங்கினாற்போல.
ஒன்றிலும் ஒரு கோடில்லை.

ஒத்தக்கடையில் இறங்கும்போது மணி எட்டு.
பட்டியலில் அறுபத்து நாலாவது.
கூப்பிட்டபோது நான் வெளியே
பேக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.
நாலு நிமிஷம், ஆறு வாரம் தள்ளி.
நீதிபதி அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் என்கிறாள் பாத்து.
விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் பிடித்தார்,
அவ்வளவுதான் என்கிறாள் பிரம்மசக்தி.

கோவில்பட்டியில் பஸ் நின்றது.
டீ பதினாலு.
ஜன்னலில் தலை சாய்த்து அவள் தூங்க,
மடியில் விரல்கள் மட்டும்
எதையோ சுருட்டிக்கொண்டிருந்தன.

நோட்டில் அந்தப் பக்கம் நிறைந்துவிட்டது.
திருப்பி, மேலே எழுதினேன்:
முன்பக்க மிச்சம்,
நாற்பத்தொரு ரூபாய், ஒரு கட்டு பீடி.